ஆராய்ச்சிக் கூடமும் நம் இல்லமும்

(கொல்கத்தாவில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"பல்கலைக் கழக ஆராய்ச்சிகள்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். யாம் விஞ்ஞானி அல்லோம், பேராசிரியரும் அல்லோம். வங்கி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றோம். ஆயினும், எம்மிடம் ஒரு தகுதி உண்டு என்று செயலாளர் கருதினார் போலும். எம் இல்லத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருக்கின்றாள். அவள் எம் மகள். ஆதலின், ஆராய்ச்சிக் கூடத்தின் உள்ளே நின்று அன்று, அதன் வாயிலில் குடையுடன் காத்து நிற்கும் பெற்றோர் என்ற நிலையில் நின்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கி வருங்கால் பழைய நண்பர் ஒருவர் எம்மை நிறுத்தினார். குசலம் விசாரித்த பின்னர், "உங்கள் பெண் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாளா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் தீங்கு ஏதும் இல்லை. அன்பினால் கேட்டார். ஆனால், "இன்னும்" என்ற அந்த ஒரு சொல் எம் நெஞ்சில் தைத்தது. ஏனெனின், அச்சொல்லை யாமே எம் மகளிடம் பல முறை சொல்லியிருந்தோம். அந்த ஒரு சொல்லுக்கு விடை தேடிய முயற்சியே இன்றைய உரை என்று கொள்க.

அவையோரே! படிப்பு வேறு, ஆராய்ச்சி வேறு. படிப்பு என்பது பிறர் கண்ட விடையை நாம் அறிந்துகொள்வது. வினாத்தாளைத் தயாரித்தவர்க்கு விடை முன்னரே தெரியும். ஆராய்ச்சியிலோ, வினா மட்டுமே கையில் இருக்கும். விடை எவர்க்கும் தெரியாது. வழிகாட்டும் பேராசிரியர்க்கும் தெரியாது. விடை உண்டா என்பதுகூடச் சில வேளைகளில் ஐயமே. ஆதலின், ஐந்தாண்டு உழைக்கும் மாணவனைப் பார்த்து, "இன்னும் தேறவில்லையா?" என்று வினவுதல், கிணறு தோண்டுவோனைப் பார்த்து, "இன்னும் நீர் இறைக்கவில்லையா?" என்று வினவுவதை ஒக்கும்.

இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இந்நகரமே சான்று. கொல்கத்தா என்று இன்று வழங்கும் இந்நகர் கல்கத்தா என்று வழங்கிய நாளில், இங்கு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் கதையை முதலில் கூறுகின்றோம்.

வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலரா நோய் வங்க நாட்டின் தீராப் பகையாய் இருந்தது. 1884-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் இந்நகருக்கு வந்து, அந்நோய்க்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். காற்புள்ளி போல் வளைந்த சிறு கிருமி அது. கிருமி கிடைத்துவிட்டது. ஆனால், அது மனிதனை எவ்வாறு கொல்கின்றது? குடலுக்குள் தங்கும் அச்சிறு உயிர், ஒரு பகற்பொழுதிற்குள் திடகாத்திரமான ஆளின் உடலிலுள்ள நீரையெல்லாம் எவ்வாறு வெளியே தள்ளுகின்றது? அது ஒருவகை நஞ்சைச் சுரத்தல் கூடும் என்று கோக் அவர்களே கருதினார். கருதினாரேயன்றி மெய்ப்பிக்க இயலவில்லை. அதன்பின் பல நாட்டு ஆய்வாளர்கள் முயன்றும், எழுபத்தைந்து ஆண்டுகள் அவ்வினா விடையின்றியே கிடந்தது.

விடை கண்டவர் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1915-ஆம் ஆண்டு பிறந்த சம்புநாத் டே என்னும் மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், அவர் ஓர் எளிய முறையைக் கையாண்டார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டினார். அவ்வாறு கட்டிய பகுதிக்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது அப்பகுதி, அரிசி கழுவிய நீர் போன்ற நீர்மத்தால் உப்பிப் பருத்திருந்தது. காலரா நோயாளியின் உடலிலிருந்து வெளியேறும் நீரும் அத்தகையதே. 1953-ஆம் ஆண்டு இம்முறை வெளியிடப்பெற்றது.

நஞ்சைத் தேடிய பிறர் பலரும் குடலை விடுத்து உடலின் வேறிடங்களில் சோதித்துக்கொண்டிருந்தனர். நோய் எங்கு நிகழ்கின்றதோ அங்கேயே நோக்குக என்று டே அவர்களின் நூற்கட்டு உணர்த்தியது. பின்னர், 1959-ஆம் ஆண்டு, கிருமிகளை வளர்த்த நீர்மத்தை வடிகட்டிக் கிருமி ஒன்றேனும் இல்லாதவாறு செய்து, அந்த வடிநீரை மட்டும் குடலின் கட்டிய பகுதிக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆகவே, நோயை விளைப்பது கிருமி வெளியே உமிழ்ந்த நஞ்சே என்பது மெய்யாயிற்று. 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் அவர் தம் பெயரில் மட்டுமே வெளியிட்ட சிறு கட்டுரை அது. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் என். கே. தத்தா முதலியோரும், முயல் குட்டிகளை வைத்து ஆராய்ந்து, காலரா நஞ்சின் செயலைக் காட்டினர். உலகம் எழுபத்தைந்து ஆண்டுகள் தேடிய விடை, நம் நாட்டின் இரு நகரங்களில் ஒரே ஆண்டில் வெளிப்பட்டது.

இனி, அந்த விடை எதற்குப் பயன்பட்டது என்பதைக் காண்போம். காலரா நஞ்சு குடலின் சுவரைக் கிழிப்பதில்லை, அதனை அரிப்பதுமில்லை. குடலின் உயிரணுக்களைப் பற்றிக்கொண்டு, உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே இறைக்குமாறு அவற்றை ஏவுகின்றது. ஆதலின், நீரை வெளியேற்றும் வாயில் திறந்து கிடந்தாலும், உட்கொள்ளும் வாயில் கெடாமலே இருக்கின்றது. அவ்வாயிலைத் திறக்கும் சாவி யாது?

சாவி வேறொரு நாட்டில், காலராவைக் கனவிலும் கருதாத ஓர் ஆராய்ச்சியில் கிடைத்தது. ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர், குடல் சர்க்கரையை எவ்வாறு உறிஞ்சுகின்றது என்ற ஒரே வினாவைப் பற்றி உழைத்துவந்தார். 1960-ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த அறிஞர் கூட்டத்தில், குளுக்கோஸும் உப்பின் கூறான சோடியமும் கைகோத்தே குடலுக்குள் நுழைகின்றன என்று விளக்கினார். ஒன்று புகுங்கால் மற்றொன்றும் புகும். இரண்டும் புகுந்தால் நீரும் உடன் புகும். அவர் நோயாளியைக் குணப்படுத்தும் நோக்கத்துடன் இதனைத் தேடவில்லை. குடலின் இயல்பை அறியும் வேட்கை ஒன்றே அவரை இயக்கியது.

இவ்விரு அறிவும் ஒன்று கூடிய பின்னர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே தந்து காலரா நோயாளியைக் காக்கலாம் என்பதை 1960-களின் இறுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆய்வாளர் கண்டனர். ஆயினும், மருத்துவ உலகம் ஐயுற்றது. நரம்பு வழியே ஏற்றும் நீரே மருந்து, வாய்வழியே தருவது வீட்டு வைத்தியம் என்று பலர் எண்ணினர்.

1971-ஆம் ஆண்டு வந்தது. வங்கதேசப் போரினால் இலட்சக் கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்திற்குள் புகுந்தனர். எல்லையோர ஊராகிய பன்கானில் காலரா மூண்டது. மருத்துவமனைத் தரையில் நோயாளர்கள் தம் கழிவின் நடுவே கிடந்தனர். நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. அங்குப் பணியாற்றச் சென்ற திலீப் மகலநாபிஸ் என்னும் மருத்துவர், கல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தவர். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் பொடி கலந்து, பொட்டலம் கட்டி, பன்கானுக்குக் கொண்டு சென்றார். கரைசலை ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளியின் உறவினர்களே. தாய் குழந்தைக்கு ஊட்டினாள். தமையன் தம்பிக்கு ஊட்டினான்.

முகாமில் நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த சாவு, 3,700 அளவினரான நோயாளர்க்கு இவ்வாறு மருத்துவம் செய்த பின்னர், நூற்றுக்கு நான்கிற்கும் கீழாகக் குறைந்தது. இன்று நம் இல்லங்களில் ஓ.ஆர்.எஸ். என்று நாம் வாங்கி வைக்கும் பொட்டலத்தின் கதை இதுவே. (இன்றைய பொட்டலத்தின் அளவுகள் சற்று வேறு, அதில் அச்சிட்டுள்ளவாறே கரைத்தல் வேண்டும்.) நம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நேர்ந்த இரவுகளில் அப்பொடியைக் கரைத்து ஊட்டாத தாய் இந்த அவையில் எவரேனும் உளரோ? 1884-இல் எழுந்த ஒரு வினா, முயலின் குடலில் இட்ட நூற்கட்டு, எவர்க்கும் பயனில்லை போல் தோன்றிய சர்க்கரை ஆராய்ச்சி ஆகிய மூன்றும் அக்கரண்டியில் கலந்திருந்தன. எந்த வினா எங்கே சென்று விளையும் என்பது, அதனை வினவியவர்க்கே தெரிவதில்லை.

சம்புநாத் டே பணியாற்றிய நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி, முற்காலத்தில் காம்ப்பெல் மருத்துவப் பள்ளி என்று பெயர் பெற்றிருந்தது. அவருக்கு முப்பது ஆண்டுகள் முன்னர், அதே வளாகத்தில், எரிவாயு இணைப்போ தண்ணீர்க் குழாயோ இல்லாத சிற்றறை ஒன்றில், இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தார். அவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. அசாமிலும் வங்கத்திலும் ஊர் ஊராக உயிர் குடித்த காலா அசார் என்னும் காய்ச்சலுக்கு, பற்பல சேர்மங்களைச் செய்து பார்த்துத் தோற்று, இறுதியில் யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தை 1920-களின் தொடக்கத்தில் கண்டார். எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர். அவ்வறையின் விளக்கிற்கு எண்ணெய் வார்த்தவற்றுள் ஒன்று இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் உதவித் தொகை. 1911-இல் தோன்றிய அச்சங்கமே, 1949 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு என்ற பெயருடன் நாடெங்கும் மருத்துவ ஆராய்ச்சிகளுக்குப் பொருள் வழங்கி வருகின்றது.

ஆராய்ச்சி என்றால் மருத்துவம் மட்டுமே என்று எண்ணிவிடுதல் கூடாது. கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1926-இல் வெளியிட்ட சுனீதி குமார் சாட்டர்ஜியின் பெருநூல், வங்க மொழி பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சொல் சொல்லாக ஆராய்ந்து காட்டியது. மாநிலக் கல்லூரியின் பௌதிகத் துறையில் ஒரு சிறு இடத்தில், பிரசாந்த சந்திர மகலநோபிஸ் தொடங்கிய புள்ளியியல் கூடம், 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிலையமாக மலர்ந்தது. (முன்னர்க் கூறிய மருத்துவரின் பெயரோடு இவர் பெயர் ஒலியளவில் ஒத்தாலும், இவர் வேறொருவர்.) ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்லும் உண்மையை, எத்தனை சோறு எடுத்தால் எவ்வளவு பிழை நேரும் என்று கணக்கிட்டு, சணற்பயிரின் விளைச்சலையும் மக்களின் வாழ்க்கைச் செலவையும் அளக்கும் முறையாக அந்நிலையம் வளர்த்தது. மொழியாயினும், கணக்காயினும், மருந்தாயினும், ஆராய்ச்சியின் இயல்பு ஒன்றே: தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தொடங்குதல்.

இவ்விடத்தில், நம்மைப் போல் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த ஒரு தமிழரை நினைவு கூர்தல் பொருத்தமாகும். 1907-ஆம் ஆண்டு, பதினெட்டு வயது இளைஞராக, அரசாங்க நிதித்துறை அதிகாரியாகச் சந்திரசேகர வேங்கடராமன் இங்கு வந்து சேர்ந்தார். நம்முள் பலர் போல அவரும் பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தார். பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டிடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்றொரு நிலையம் இருந்தது. அலுவலகத்திற்கு முன்னர்க் காலையிலும், அலுவலகம் முடிந்த பின்னர் மாலையிலும் ராமன் அங்குச் சென்று ஆராய்ந்தார். பட்டம் ஏதும் பெறாத ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் அவருக்குத் துணை நின்றார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவு அங்கேதான் வெளிப்பட்டது. அவ்வாய்வில் உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பில் பிறந்தவர். ஒளியின் இயல்பை அறியவே நிகழ்ந்த அவ்வாய்வின் வழியைக் கொண்டு, இன்று உடலின் திசுக்களில் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் ஆராய்ச்சிகளும் நடைபெறுகின்றன.

ராமனின் புகழை நாம் அடிக்கடி பேசுகின்றோம். அவருக்கு அந்த வாயிலைத் திறந்துவைத்தவர்களை நாம் பேசுவதில்லை. பௌபஜார் நிலையத்தை 1876-இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். அரசாங்கத்தை எதிர்பாராமல், ஊர்ப் பெருமக்களிடம் சென்று நன்கொடை திரட்டி அதனைக் கட்டினார். தம் வாழ்நாளில் அங்குப் பெரிய கண்டுபிடிப்பு எதனையும் காணாமலே 1904-இல் மறைந்தார். அவர் மறைந்து மூன்றாண்டு கழிந்த பின்னரே ராமன் அந்நகரில் கால் வைத்தார்.

பின்னர், துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜியின் ஊக்கத்தால் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரி எழுந்தபோது, அதற்குத் தம் செல்வத்தை வாரி வழங்கியவர் இருவர், இருவரும் வழக்கறிஞர்கள். ஒருவர் தாரகநாத் பாலித். மற்றவர் ராஷ்பிகாரி கோஷ். நாம் நாள்தோறும் காய்கறி வாங்கச் செல்லும் ராஷ்பிகாரி அவென்யூ, அந்த வள்ளலின் பெயர் தாங்கிய வீதியே! பாலித் அளித்த நிதியில் அமைந்த பௌதிகப் பேராசிரியர் பீடத்தில், 1917-இல், அரசாங்கப் பதவியின் பெரிய சம்பளத்தை விடுத்துச் சிறிய சம்பளத்திற்கு வந்து முதலில் அமர்ந்தவர் ராமன். வங்காளி ஒருவரின் செல்வம், தமிழ் பேசும் ஒருவரின் வினாவுக்குச் சோறிட்டது. இதனை நாம் மறத்தல் ஆகாது.

இனி, இன்றைய நிலையைச் சிறிது கூறுவோம். ஓர் ஆராய்ச்சித் திட்டம் இன்று எவ்வாறு நடைபெறுகின்றது? பேராசிரியர் ஒரு வினாவை வரைந்து, அதற்கு வேண்டும் காலம், கருவி, ஆள், பொருள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, நிதி வழங்கும் நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கின்றார். நோயாளரையோ விலங்குகளையோ சார்ந்த ஆராய்ச்சியாயின், அறநெறிக் குழுவின் இசைவு பெறுதல் வேண்டும். அறிஞர் சிலர் விண்ணப்பத்தைப் படித்துக் குறை கூறுவர். குறைகளைக் களைந்து மீண்டும் அனுப்ப வேண்டும். நிதி வந்த பின்னர் மாணவர் சேர்வர். தேசியத் தகுதித் தேர்வில் வென்ற மாணவருக்கு, 2023 ஜனவரி முதல், தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயும், ஈராண்டுக்குப் பின்னர் 42,000 ரூபாயும் உதவித் தொகை என அரசு வகுத்துள்ளது.

ஏட்டில் இவ்வளவும் நன்றே. ஆனால், வங்கிக் கணக்கில் அத்தொகை எந்நாளில் வந்து சேரும் என்பது வேறு செய்தி. எம் மகளுக்கு ஒருமுறை ஏழு திங்கள் தொகை வரவில்லை. யாரையும் இங்குப் பெயர் சுட்டிக் குறை கூற விரும்புகின்றோம் அல்லோம். ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குக் கோப்பு நகரவில்லை, அவ்வளவே. எம் ஓய்வூதியம் இருந்தது. ஆதலின், அவள் ஆய்வு நிற்கவில்லை. அவளோடு அதே கூடத்தில் பயிலும் மற்றொரு பெண், உழவுத் தொழில் செய்யும் குடும்பத்தினள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவள். விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்ட இயலாமல், மாலைதோறும் மூன்று வீடுகளில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கூடத்திற்குத் திரும்பி, கிருமி வளர்த்த தட்டுகளை எண்ணுவாள். ஐந்தாம் திங்களில் ஆராய்ச்சியை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதிவிட்டாள். பேராசிரியர் தம் கைப்பொருளைத் தந்து தடுத்து நிறுத்தினார்.

2020-21-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நம் நாடு தன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கே ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. கணக்கெழுதியவர் ஆதலின், யாம் அந்த எண்ணை இவ்வாறு படிக்கின்றோம்: நூறு ரூபாய் ஈட்டும் குடும்பம், தெரியாததைத் தெரிந்துகொள்ள அறுபத்து நான்கு காசு ஒதுக்குகின்றது. அதிலும் சில காசு ஏழு திங்கள் கழித்து வருகின்றது.

எம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எம் மகள் நோய்க்கிருமிகள் மருந்துகளுக்கு அடங்காமல் போவது ஏன் என்று ஆராய்கின்றாள். ஈராண்டு உழைத்த பின்னர், தான் எதிர்பார்த்த வழியில் விடை இல்லை என்று கண்டாள். அன்றிரவு உணவருந்தும்போது, "இரண்டாண்டு வீணாயிற்றே அம்மா!" என்று யாம் வருந்திக் கூறினோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "வீணாகவில்லை, அப்பா. இந்த வழியில் இல்லை என்பது இப்போது தெரியும். அதை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால், அடுத்து வருகிறவர் இந்த வழியில் இரண்டாண்டு நடக்க வேண்டியதில்லை," என்றாள். முப்பத்து நான்கு ஆண்டு பற்றும் வரவும் எழுதிய எமக்கு, இப்படியும் ஒரு வரவு உண்டு என்பது அன்றுதான் விளங்கிற்று. அதன்பின் "இன்னும்" என்ற சொல்லை யாம் எடுப்பதில்லை.

புகழ் வரும் என்று சொல்லி உங்கள் மக்களை இவ்வழிக்கு அழைக்க எமக்கு மனம் இல்லை. சம்புநாத் டே அவர்களை நோபெல் பரிசுக்கு அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் ஒருமுறைக்கு மேற்பட்டு முன்மொழிந்தார், பரிசு வரவில்லை. 1978-இல் நோபெல் நிறுவனத்தார் காலரா பற்றிக் கூட்டிய அறிஞர் அவைக்கு அவரை அழைத்தனர். ஆயின், 1985-இல் அவர் மறையும் வரை, தாய்நாட்டின் பெருவிருது எதுவும் அவரை நாடவில்லை. திலீப் மகலநாபிஸ் அவர்களுக்குப் பத்ம விபூஷண் விருது 2023-இல் வந்தது. அவர் 2022-இல் மறைந்துவிட்டார். இவர்களின் கதையே இதுவாயின், பெயர் தெரியாத ஆயிரம் ஆய்வாளரின் கதையைச் சொல்லவும் வேண்டுமோ? விருது வழங்குதல் நம் கையில் இல்லை. ஆனால், பசியாமல் பார்த்துக்கொள்ளுதல் ஓரளவு நம் கையில் உண்டு.

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நம் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசு வழங்குகின்றோம். அது தொடர்க. அதனுடன், ஆராய்ச்சி மாணவர்க்கென ஒரு சுழல் நிதி அமைப்போமாக. நூறு குடும்பங்கள் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் தந்தால் ஓர் இலட்சம் ஆகும். உதவித் தொகை தாமதமாகும் மாணவர் இருவருக்கு, மாதம் பத்தாயிரம் ரூபாய் வீதம், ஐந்து திங்கள் அத்தொகையைக் கொண்டு ஈடு செய்யலாம். வட்டி வேண்டா. நிலுவை வந்ததும் அவர்கள் திருப்பித் தருவர். அடுத்தவர்க்கு அது செல்லும். யாம் கணக்கு எழுதித் தருகின்றோம். அதற்கேனும் இக்கை இன்னும் பயன்படும். எம் பங்காக முதல் இருபத்தையாயிரம் ரூபாயை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கின்றோம். எம் மகளுக்கு அதிலிருந்து ஒரு காசும் வேண்டா என்பதையும் இந்த அவையில் பதிவு செய்கின்றோம்.

மற்றொன்று. ஆண்டுக்கு ஒரு மாலை, இந்நகரில் பயிலும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை அழைத்து, அவர் ஆராயும் வினாவை நமக்கு எளிய தமிழில் விளக்கச் செய்வோம். தமிழ் அறியாதவராயின், நம் இளைஞர் ஒருவர் உடன் நின்று மொழிபெயர்க்கட்டும். வினாவைப் புரிந்துகொண்ட பெற்றோர் பொறுமையை எளிதில் இழப்பதில்லை. இது எம் அனுபவம்.

இந்நிதி தமிழ் மாணவர்க்கு மட்டுமா என்று சிலர் வினவக் கூடும். அதற்கு எம் விடை இது. பாலித் அமைத்த பீடத்திற்கு ஆள் தேடியபோது இந்நகர் தாய்மொழியைக் கேட்கவில்லை. எண்ணூறு கல் தொலைவுக்கும் அப்பாலிருந்து வந்த ஒரு தமிழரை அமரவைத்தது. இந்நகர் நமக்கு வேலை தந்தது; வீடு தந்தது; நம் மக்களுக்குக் கல்வி தந்தது. மூன்று வீடுகளில் பாடம் சொல்லிவிட்டு இரவில் கூடத்திற்குத் திரும்பும் அந்தப் பெண் பேசும் மொழி வங்கம். நம் நிதியின் முதல் தொகை அவளைப் போன்ற ஒருத்திக்குச் செல்லுமாயின், பழைய கடன் ஒன்றின் முதல் தவணையை நாம் செலுத்தியவர் ஆவோம்.